பைத்தான் ப்ராஜெக்ட்டில் இம்போர்ட் வரிகளைத் தானாகச் சுத்தம் செய்வது: சிறிய டீமுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று நான்கு பேர் கொண்ட டீம், பல வருடமாக வளர்ந்த ஒரு பைத்தான் ப்ராஜெக்ட், ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் முப்பது நாற்பது இம்போர்ட் வரிகள், அதாவது வேறு ஃபைலிலோ லைப்ரரியிலோ உள்ள கோடை அழைத்துக்கொள்ளும் வரிகள். அதில் பாதி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்திலேயே கேட்பார்: "அண்ணா, இதெல்லாம் எடுத்துரலாமா?"

எடுத்துவிடலாம். ஆனால் ஒரு ஒழுங்கில் எடுக்க வேண்டும். நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு, சித்தூர் தாலுகாவிலும் எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலும் உள்ள தேங்காயெண்ணெய் வியாபாரிகளுக்குப் பில் போடும் மென்பொருளைப் பராமரிக்கிறோம். இந்த வேலையை அதில் செய்தபோது எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டிகள் எல்லாம் "இந்த ஒரு கட்டளையை ஓட்டுங்கள்" என்று முடிந்துவிட்டன. அந்த ஒரு கட்டளைக்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் உண்மையான வேலை.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இதில் இரண்டு தனித்தனி வேலைகள் உள்ளன: வரிசைப்படுத்துவது, பயன்படாததை நீக்குவது. முதலாவதில் ஆபத்து குறைவு. இரண்டாவது, கவனிக்காமல் விட்டால், பில்லில் விழும் ஜிஎஸ்டியையே மாற்றிவிடும். இரண்டையும் ஒரே கமிட்டில் செய்யவே செய்யாதீர்கள்.

கட்டளைகளைப் படிக்கும் ஒலிப்படி இங்கே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ப்ராஜெக்ட் கிட்டில் இருக்க வேண்டும். 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் கமிட் ஆகாத மாற்றம் எதுவும் வரக் கூடாது. டெஸ்ட்டுகள் ஓட வேண்டும். டெஸ்ட்டே இல்லாத ப்ராஜெக்ட் என்றால் வரிசைப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நீக்கும் வேலைக்குப் போகாதீர்கள்.

அப்புறம், ப்ராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில் பைப்ராஜெக்ட்.டாமல் ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காலியாக ஒன்று உருவாக்கினால் போதும். எல்லா அமைப்பும் அதற்குள்தான் போகும்.

செலவு: இந்த வேலைக்கு இரண்டு கருவிகள். கோடைச் சோதித்துத் திருத்துவது ரஃப், ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் அதைத் தானாக ஓட்டுவது ப்ரி-கமிட். இரண்டும் எம்ஐடி உரிமத்தில் வரும் இலவசக் கருவிகள். கிட்ஹப்பின் சர்வரில் டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் பொது ரெப்போவுக்குக் கட்டணம் கிடையாது. தனியார் ரெப்போ என்றால் இலவசக் கணக்குக்கு மாதம் 2,000 நிமிடம் தருகிறார்கள். ஒவ்வொரு ஜாபும் முழு நிமிடமாக மேல்நோக்கிக் கணக்காகும், பத்து வினாடி ஓடினாலும் ஒரு நிமிடம்தான். அதனால் இந்தச் சோதனைக்குத் தனி ஜாப் வைக்காமல், ஏற்கெனவே ஓடும் டெஸ்ட் ஜாபின் முதல் படியாகச் சேர்த்துவிடுங்கள். புது லேப்டாப் எதுவும் தேவையில்லை. ரஃப் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, பழைய மெஷினிலும் சட்டென்று முடிந்துவிடும்.

2. நாள் குறிப்பது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. இம்போர்ட் சுத்தம் ஏறக்குறைய எல்லா ஃபைலையும் தொடும். திறந்திருக்கும் ஒவ்வொரு பிராஞ்சும் அன்றைக்கே மோதிக்கொள்ளும். முடிந்த புல் ரிக்வெஸ்ட்டுகளை முதலில் மெர்ஜ் செய்யுங்கள், முடியாதவற்றின் சொந்தக்காரரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

பில்லிங், கணக்கு சம்பந்தமான மென்பொருள் என்றால் மாதத்தின் முதல் 20 நாளைத் தவிர்ப்பது நல்லது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரத் தாக்கலான ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11ஆம் தேதி, சுருக்கத் தாக்கலான ஜிஎஸ்டிஆர்-3பி கெடு 20ஆம் தேதி. அந்த நாட்களில் வியாபாரிகளின் ஆடிட்டர்கள் ரிப்போர்ட் இறக்கிக்கொண்டே இருப்பார்கள். 21க்குப் பிறகு ஒரு செவ்வாய் அல்லது புதன் பாருங்கள். வெள்ளி மாலை வேண்டாம். எங்கள் பக்கம் ஓணத்துக்கு முந்தைய வாரங்களையும் ஒதுக்கிவிடுவோம். தேங்காயெண்ணெய் வியாபாரம் சூடாக இருக்கும் நேரம் அது.

3. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

'பிப் இன்ஸ்டால் ரஃப்' கொடுத்து நிறுவுங்கள். நிறுவிய பதிப்பு எண்ணை டெவலப்மென்ட் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் அப்படியே பூட்டி எழுதுங்கள். அடுத்தது:

ரஃப் செக் --செலக்ட் ஐ,எஃப்401 --ஸ்டாட்டிஸ்டிக்ஸ்

இது எந்த ஃபைலையும் மாற்றாது. 'ஐ' என்ற ஒற்றை எழுத்து வரிசை விதிகளைக் குறிக்கும். எஃப்401 என்பது பயன்படாத இம்போர்ட். இரண்டுக்கும் எண்ணிக்கை தனித்தனியாக வரும். ஆயிரக்கணக்கில் வந்தாலும் பயப்பட வேண்டாம், வரிசைப் பிழைகளை ஒரே ஓட்டத்தில் சரிசெய்துவிடலாம். உங்கள் நேரத்தைக் கேட்கப்போவது எஃப்401 எண்ணிக்கைதான்.

ஏற்கெனவே வரிசைப்படுத்த ஐசார்ட், நீக்க ஆட்டோஃப்ளேக் என்ற கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் அதிலேயே தொடரலாம். ஆட்டோஃப்ளேக் இயல்பாகப் பைத்தானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி இம்போர்ட்டுகளை மட்டுமே நீக்கும், மற்றவற்றுக்குத் தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும். ஐசார்ட்டை, கோடின் வடிவத்தைச் சீராக்கும் ப்ளாக் கருவியுடன் சேர்த்து ஓட்டினால் அதன் ப்ரொஃபைலை ப்ளாக் என்று வைக்காவிட்டால் ஒன்று மாற்றியதை மற்றது திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஐசார்ட்டும் ரஃபும் ஒரே ப்ராஜெக்ட்டில் வரிசைப்படுத்தக் கூடாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை ரஃப். கற்றுக்கொள்ள ஒரே கருவி, எழுத ஒரே அமைப்பு.

4. அமைப்பு ஃபைல்

பைப்ராஜெக்ட்.டாமலில் டூல்.ரஃப்.லின்ட் என்ற பகுதியைத் திறந்து, எக்ஸ்டெண்ட்-செலக்ட் பட்டியலில் 'ஐ' சேருங்கள். வெறும் செலக்ட் என்று எழுதினால் ரஃப் இயல்பாகப் பார்க்கும் மற்ற விதிகள் போய்விடும். எஃப்401 இயல்பிலேயே உள்ளதால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்து டூல்.ரஃப்.லின்ட்.ஐசார்ட் என்ற பகுதி. இதில் நோன்-ஃபர்ஸ்ட்-பார்ட்டி பட்டியலில் உங்கள் சொந்த ஃபோல்டர்களின் பெயரை எல்லாம் கையாலேயே எழுதுங்கள். பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்லும் ஒழுங்கு மூன்று அடுக்கு: ஸ்டாண்டர்ட் லைப்ரரி, வெளியிலிருந்து நிறுவியவை, உங்கள் சொந்தக் கோடு. மூன்றாவது எது என்பதை ரஃப் டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டரைப் பார்த்து ஊகிக்கிறது. உங்கள் லேப்டாப்பில் இருந்து சர்வரில் இல்லாத ஃபோல்டர் ஏதாவது இருந்தால், உதாரணமாக ஒரு ஸ்கிரிப்ட் உருவாக்கும் ஃபோல்டர் கிட்டில் சேராமல் இருந்தால், லேப்டாப்பில் ஒரு வரிசை, சர்வரில் வேறு வரிசை என்று வரும். "என் மெஷின்ல பாஸ் ஆகுது, அங்க ஃபெயில் ஆகுது" என்று ஒரு முழு மதியம் போய்விடும். பெயர்களை எழுதிவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

5. வரிசைப்படுத்தும் கமிட்

புதிய பிராஞ்ச் எடுத்து, முதலில் மாற்றங்களைக் காட்டச் சொல்லுங்கள்:

ரஃப் செக் --செலக்ட் ஐ --டிஃப்

திருப்தியானதும் --டிஃப் இருந்த இடத்தில் --ஃபிக்ஸ். டெஸ்ட் ஓட்டுங்கள், கமிட் செய்யுங்கள். இந்தக் கமிட்டில் வேறு ஒரு எழுத்துகூட மாறக் கூடாது.

இரண்டு இடத்தில் சிக்கல் வரலாம். ஒன்று, சுற்று இம்போர்ட். 'அ' ஃபைல் 'ஆ'வை அழைக்க, 'ஆ' திரும்ப 'அ'வை அழைக்கும் அமைப்பு, இதுவரை ஏதோ ஒரு வரிசையின் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வரிசை மாறியதும் இம்போர்ட் எரர் வரும். உடனே டீமில் எல்லோரும் ரஃபைத் திட்டுவார்கள். பழுது உங்கள் கோடில் முன்பே இருந்தது, இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அவசரத்துக்கு அந்த வரியின் முடிவில் 'ஐசார்ட்: ஸ்கிப்' என்ற கமென்ட் போட்டு ஒதுக்கிவிட்டு, இரண்டுக்கும் பொதுவான பகுதியை மூன்றாவது ஃபைலுக்கு மாற்றும் வேலையைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, இம்போர்ட்டுகளுக்கு நடுவே ஓடும் கோடு. பாஸ்வேர்டு போன்ற அமைப்புகள் இருக்கும் .என்வ் ஃபைலை ஏற்றும் லோட்-டாட்என்வ் அழைப்பு பெரும்பாலும் இப்படி நடுவில்தான் இருக்கும். ரஃப் அந்த அழைப்பைத் தாண்டி எந்த இம்போர்ட்டையும் நகர்த்தாது. மேலே உள்ளவை ஒரு தொகுதி, கீழே உள்ளவை வேறு தொகுதி. ஆனால் இம்போர்ட் ஃபைலின் தலையில் இல்லை என்று இ402 என்ற எச்சரிக்கை வரும். அதைப் பார்த்து யாராவது கையால் மேலே தூக்கிவைத்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கிடைக்காமல் ஆப் நின்றுவிடும். அந்த ஃபைலுக்கு மட்டும் பெர்-ஃபைல்-இக்னோர்ஸில் இ402ஐ விலக்கிவிடுங்கள்.

மெர்ஜ் ஆனபின் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் 'கிட் ப்ளேம்' பார்த்தால் இனி எல்லா இம்போர்ட் வரியிலும் உங்கள் பெயர்தான் இருக்கும். அதைத் தவிர்க்க, வேர் ஃபோல்டரில் .கிட்-ப்ளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபைல் வைத்து, அந்தக் கமிட்டின் முழு ஹாஷ் எண்ணை எழுதுங்கள். கிட்ஹப் தளம் இதைத் தானாகப் படித்துக்கொள்ளும். லேப்டாப்பில் ஒவ்வொருவரும் ப்ளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்ற கிட் கான்ஃபிக்கை ஒருமுறை வைக்க வேண்டும், கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில். ஸ்குவாஷ் மெர்ஜ் (பிராஞ்சின் எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்கி மெர்ஜ்) செய்பவர்கள் கவனிக்கவும்: மெர்ஜ் ஆகும்போது ஹாஷ் மாறிவிடும். மெர்ஜ் முடிந்து, மெயின் பிராஞ்சில் இருக்கும் புது ஹாஷைத்தான் எழுத வேண்டும்.

6. நீக்கும் முன்: சும்மா இருப்பதுபோல் தெரியும் வரிகள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். ஒரு வேலை நாளை முழுதாக இதற்கு ஒதுக்கினாலும் தப்பில்லை.

ஒரு பெயரை இம்போர்ட் செய்துவிட்டு அந்த ஃபைலில் எங்கும் பயன்படுத்தவில்லை என்றால் ரஃப் அதை எஃப்401 என்று குறிக்கும். ஆனால் பைத்தானில் இம்போர்ட் என்பது பெயரைக் கொண்டுவருவது மட்டும் இல்லை. அந்த ஃபைலை மேலிருந்து கீழ் ஒருமுறை ஓட்டுவதும்தான். ஓடுவதற்காகவே இம்போர்ட் செய்யப்பட்ட ஃபைல்கள் உண்டு. அவற்றின் பெயர் எங்கும் வராது, ஆனால் அந்த வரி போனால் வேலை நின்றுவிடும்.

எங்கள் பில்லிங் கோடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியில் கேரளத்தின் மாநிலக் குறியீடு 32, தமிழ்நாட்டுக்கு 33. கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூருக்குத் தேங்காயெண்ணெய் போனால் மாநிலத்துக்குள் விற்பனை. 5 சதவீத ஜிஎஸ்டி, மத்திய அரசின் சிஜிஎஸ்டி 2.5, மாநிலத்தின் எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று பிரியும். அதே எண்ணெய் பொள்ளாச்சிக்குப் போனால், மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 5 சதவீதம். ஒவ்வொரு மாநிலத்தின் விதியும் தனி ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைல் ஓடும்போது ஒரு டெக்கரேட்டர் மூலம் பொதுப் பட்டியலில் தன்னைப் பதிந்துகொள்ளும். மெயின் ஃபைலில் இருப்பது 'ஃப்ரம் விதிகள் இம்போர்ட் கேரளா, தமிழ்நாடு' என்ற ஒரே வரி. அதற்குக் கீழே எங்கும் கேரளா என்ற பெயரே வராது.

ரஃபின் கணக்கில் அது பயன்படாத வரி. --ஃபிக்ஸ் கொடுத்தால் போய்விடும். பட்டியல் காலி. விதி கிடைக்காதபோது "பொது விதிக்குப் போ" என்று கோடு எழுதியிருந்தால் எரர்கூட வராது. சித்தூர் பில்லிலும் ஐஜிஎஸ்டி விழும். வியாபாரிக்குத் தெரியவருவது கணக்குத் தாக்கலின்போதுதான்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும்! கேரளா விதிக்கான டெஸ்ட் ஃபைல் அந்த விதி ஃபைலை நேரடியாக இம்போர்ட் செய்கிறது. அதனால் டெஸ்ட் ஓடும்போது பட்டியல் நிரம்பிவிடும். உண்மையான ஆப்பில்தான் காலியாக இருக்கும். டெஸ்ட் பாஸ் என்பதை மட்டும் நம்பி மெர்ஜ் பட்டனை அழுத்தாதீர்கள்.

இதற்குச் சில காரியங்கள் செய்யுங்கள். நீக்கக் கூடாத வரியின் முடிவில், இதை விட்டுவிடு என்று ரஃபுக்குச் சொல்லும் 'நோக்வா: எஃப்401' கமென்ட் போட்டு, அதே வரியில் காரணத்தையும் எழுதுங்கள், காரணம் இல்லாத நோக்வாவை அடுத்த வருடம் சேர்பவர் நீக்கிவிடுவார். முடிந்தால் அமைப்பையே மாற்றுங்கள்: விதி ஃபைல்களில் 'பதிவுசெய்' என்று ஒரு ஃபங்ஷன் வைத்து, மெயினில் அதை வெளிப்படையாக அழைத்தால் இம்போர்ட் பயன்பட்டதாகிவிடும், கமென்ட்டே வேண்டாம். அப்புறம், ஆப்பை டெஸ்ட்டுக்கு வெளியே புது ப்ராசஸாகத் திறந்து, பட்டியலில் 32, 33 இரண்டும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும் ஒரு சிறு சோதனை எழுதிவையுங்கள். "பொது விதிக்குப் போ" என்பதையும் எடுத்துவிட்டு, விதி இல்லையென்றால் எரர் கொடுத்து நிற்கச் சொல்லுங்கள்.

உங்கள் ப்ராஜெக்ட்டில் மாநில விதிகள் இல்லாமல் இருக்கலாம். இதே குணம் உள்ள வேறு இடங்கள்:

டேட்டாபேஸ் டேபிள்களின் மாற்றங்களை (மைக்ரேஷன்) நிர்வகிக்கும் அலெம்பிக் பயன்படுத்தினால் அதன் என்வ் ஃபைலில் இருக்கும் மாடல் இம்போர்ட்டுகள். இதுதான் இருப்பதிலேயே பயங்கரமானது. அந்த வரி போனால் அலெம்பிக்குக்கு உங்கள் டேபிள்கள் தெரியாது. அடுத்த ஆட்டோஜெனரேட்டில் "டேபிள்களை நீக்கு" என்று மைக்ரேஷன் எழுதித் தரும். படிக்காமல் ஓட்டினால் டேட்டா போயிற்று.

ஜாங்கோ என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் ஆப்-கான்ஃபிக்கின் ரெடி ஃபங்ஷனுக்குள் இருக்கும் சிக்னல்ஸ் இம்போர்ட். போனால் எரர் வராது, சிக்னலும் வராது.

பேக்கேஜின் இனிட் ஃபைல். இங்கே இம்போர்ட் செய்வதே வெளியே மற்றவர்கள் எடுத்துக்கொள்ளத்தான். ரஃப் இதை ஆபத்தான திருத்தமாகக் கருதித் தானாகச் செய்யாது, ஆனால் --அன்சேஃப்-ஃபிக்ஸஸ் கொடுத்தால் செய்துவிடும். அந்த ஆப்ஷனை இந்த வேலையில் தொடவே வேண்டாம். வெளியே தர வேண்டிய பெயர்களை ஆல் பட்டியலில் எழுதிவிட்டால் எச்சரிக்கையும் போய்விடும்.

பைடெஸ்ட் ஃபிக்ஸ்சரை (டெஸ்ட்டுக்குத் தேவையானதைத் தயார்செய்து தரும் ஃபங்ஷன்) வேறு ஃபைலிலிருந்து இம்போர்ட் செய்வது. ஆர்க்யுமென்ட் பெயராக மட்டும் வருவதால் ரஃப் அதைப் பயன்பாடாக எண்ணாது. ஃபிக்ஸ்சரைக் கான்ஃப்டெஸ்ட் ஃபைலுக்கு மாற்றினால் இம்போர்ட்டே தேவைப்படாது.

7. நீக்குவது

ஃபோல்டர் ஃபோல்டராகப் போங்கள். ஒரு ஃபோல்டர், ஒரு கமிட். யூட்டிலிட்டி, ரிப்போர்ட் போன்ற ஓரத்து ஃபோல்டர்களில் தொடங்கி, ஜிஎஸ்டி, பணம் தொடும் ஃபோல்டரைக் கடைசியில் வையுங்கள்.

ரஃப் செக் --செலக்ட் எஃப்401 --ஃபிக்ஸ், அதற்குப் பின் ஃபோல்டர் பெயர்.

ஒவ்வொரு கமிட்டையும் வேறொருவர் படிக்கட்டும். நீக்கப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி போதும்: இந்த ஃபைல் ஓடும்போது எதையாவது பதிகிறதா? டெக்கரேட்டர், சிக்னல், மாடல் கிளாஸ் என்று ஏதாவது கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். எல்லாம் முடிந்து மெர்ஜ் ஆன அன்றே, டெஸ்ட் சர்வரில் மாநிலத்துக்குள் ஒரு பில், எல்லை தாண்டி ஒரு பில் கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

8. ப்ரி-கமிட்: இனி சேராமல் இருக்க

.ப்ரி-கமிட்-கான்ஃபிக்.யாமல் ஃபைலில் ரஃபின் ப்ரி-கமிட் ரெப்போவைச் சேர்த்து, ரெவ் என்ற இடத்தில் பதிப்பு எண்ணை எழுதுங்கள். கமிட்டுக்கு முன் ஓடும் சோதனைதான் ஹுக். செக் ஹுக்குக்கு --ஃபிக்ஸ் ஆர்க்யுமென்ட் கொடுங்கள். ஃபார்மேட் ஹுக் அதற்குப் பின்னால் வர வேண்டும். ரஃப் ஃபார்மேட் மட்டும் ஓட்டினால் இம்போர்ட் வரிசையாகாது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

'ப்ரி-கமிட் இன்ஸ்டால்' கட்டளையை ஒவ்வொருவரும் தங்கள் லேப்டாப்பில் கொடுக்க வேண்டும், ரெப்போவில் ஃபைல் இருப்பது மட்டும் போதாது. முதல் ஓட்டத்துக்கு இன்டர்நெட் தேவை. எங்கள் பக்கம்போல் மொபைல் நெட் விட்டுவிட்டு வரும் இடமென்றால், நல்ல இணைப்பு கிடைக்கும்போது 'ப்ரி-கமிட் ரன் --ஆல்-ஃபைல்ஸ்' ஒருமுறை ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் இணைப்பு இல்லாமலும் ஓடும்.

புதியவர்கள் குழம்புவது இங்கே: ஹுக் ஏதாவது மாற்றினால் கமிட் நின்றுவிடும், 'ஃபெயில்டு' என்று சிவப்பில் வரும். எதுவும் கெட்டுப்போகவில்லை. மாறிய ஃபைலை 'கிட் ஆட்' செய்து மறுபடி கமிட் கொடுங்கள்.

9. சர்வரில் சோதனை

ஹுக்கை --நோ-வெரிஃபை கொடுத்து யாரும் தாண்டிவிடலாம். அதனால் டெஸ்ட் ஜாபின் முதல் படியாக 'ரஃப் செக்' வையுங்கள், --ஃபிக்ஸ் இல்லாமல். பிழை இருந்தால் ஜாப் நின்றுவிடும். சர்வர் தானாகத் திருத்தி கமிட் போடும்படி அமைக்காதீர்கள். ஆறாம் படியில் சொன்ன வரிகள் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

10. எடிட்டர்

விஎஸ் கோடில் ரஃப் எக்ஸ்டென்ஷன் போட்டால் ஐசார்ட் எக்ஸ்டென்ஷனை எடுத்துவிடுங்கள். சேவ் செய்யும்போது ஆர்கனைஸ்-இம்போர்ட்ஸ் மட்டும் ஓடட்டும். ஃபிக்ஸ்-ஆல் வைத்தால், இம்போர்ட் வரியை எழுதிவிட்டு அதைப் பயன்படுத்தும் வரியை எழுதும் முன் சேவ் கொடுத்தாலே அது மறைந்துவிடும். நீக்கும் வேலை கமிட் நேரத்துக்கே இருக்கட்டும்.

11. பதிப்பு ஏற்றும்போது

ரஃப் பதிப்பு எண் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல், ப்ரி-கமிட் ஃபைல், ஒவ்வொருவரின் எடிட்டர். முதல் இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஹுக் சரி என்று விட்டதைச் சர்வர் தப்பு என்று நிறுத்தும். இரண்டையும் ஒரே கமிட்டில் ஏற்றுங்கள், எடிட்டரில் ப்ராஜெக்ட்டின் என்விரான்மென்ட்டில் உள்ள ரஃபையே பயன்படுத்தும்படி வையுங்கள். ஏற்றிய பின் எல்லா ஃபைலிலும் ஒருமுறை ஓட்டி, மாற்றம் ஏதாவது வந்தால் தனிக் கமிட்டாகப் போட்டு, அதன் ஹாஷையும் ப்ளேம் ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.